கிடப்பவருக்குச் சூடில்லை

பிற்பகல் மூன்று மணிக்கே தெருவிளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. ஏரிப் பக்கத்திலிருந்து புயல் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

தயாபரன் விளக்குகளைப் பார்க்கவில்லை. கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரையில் தன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நகரத்தின் தெருக்கள் எல்லாம் திரையில் கோடுகளாகக் கிடந்தன. சூடு ஓடும் தெரு சிவப்பு. சூடு நின்ற தெரு நீலம். காலையில் அவன் வேலைக்கு வந்தபோது அவனுடைய தெரு சிவப்பாக இருந்தது. சாப்பிடப் போய்த் திரும்பியபோது நீலமாகியிருந்தது.

நாளை காலை அவன் மனைவி வதனியை ஏற்ற வான் வண்டி வரவேண்டும். அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் வேலை செய்வதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சிகிச்சை நிலையத்துக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். ஒரு முறை தவறினால் உடல் வீங்கும். இரண்டு முறை தவறினால் இதயம் நிற்கும். புயல் மூன்று நாள் வீசும் என்றார்கள்.

அந்த நகரம் பனியை உருக்கத் தெருவுக்கு உப்புப் போடுவதை நிறுத்தி வெகுகாலம். உப்பு ஏரியைக் கொன்றுவிட்டது. பிறகு பனி வாரும் வண்டிகளையும் விற்றார்கள். ஏரிக்கரையில் நிற்கும் கணினிக் கொட்டகைகள் கக்கும் சூட்டை வெந்நீரில் ஏற்றி, தெருக்களின் அடியில் பதித்த குழாய்களில் ஓடவிட்டார்கள். பனி விழுந்த இடத்திலேயே தண்ணீராகி வடிகாலுக்குப் போனது. முதல் இரண்டு குளிர்காலமும் ஊர் அதைக் கொண்டாடியது. பிறகு பனி கூடியது, தெருக்கள் கூடின, சூடு மட்டும் கூடவில்லை. இருக்கிற சூட்டை வீணாக்காமல் பங்கிட ஒரு கணினி நிரலை வைத்தார்கள். அதற்கு நீளமான ஒரு பெயர் உண்டு. கட்டுப்பாட்டு அறையில் அதன் பெயர் கங்காணி. தயாபரனின் மேலாளர் கவிநயா வைத்த பெயர். தேனிப் பக்கத்துப் பெண், அவனைவிடப் பதினைந்து வயது இளையவள்.

கங்காணி எண்ணுவது கால்களை. தரைக்குள் இருக்கும் உணரிகள் மிதிபடும்போதெல்லாம் அதற்குச் சொல்லும். நடமாட்டம் உள்ள தெருவுக்குச் சூடு. இல்லாத தெருவுக்கு இல்லை.

தயாபரனின் தெரு ஒரு முட்டுத்தெரு. ஒரு முனையில் பெருந்தெருவுக்கு ஏறும் சரிவு, மறுமுனையில் மூடிக்கிடக்கும் பால் தொழிற்சாலையின் வேலி. வழுக்கும் என்று யாரும் வெளியே வருவதில்லை. யாரும் வராததால் சூடு இல்லை. சூடு இல்லாததால் வழுக்கும். கார்த்திகையில் வதனியை நாற்காலியில் வைத்து நாலு பேர் சரிவில் தூக்கிப் போனார்கள். முன்னால் பிடித்தவர் வழுக்கினார். அவளுடைய இடுப்பெலும்பு உடைந்தது. மருத்துவமனையில் கம்பி வைத்துக் கட்டி, மார்கழி பிறந்தபோது வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி அவளை யாரும் தூக்கக் கூடாது. வான் வாசலுக்கு வந்து, கிடந்தபடியே ஏற்றவேண்டும். அது தானே ஓடும் வான். நீலத் தெருவுக்குள் நுழையாது. கெஞ்சிப் பார்க்கவும் உள்ளே ஆள் இல்லை.

அப்போதுதான் தயாபரன் வாய் திறந்தான். வேலையில் தெரிந்ததை வெளியே சொல்வது குற்றம். இருந்தும் தெருவில் எல்லோருக்கும் வேண்டியவரான பரராஜசிங்கத்திடம் போய்ச் சொன்னான். நடவுங்கோ அண்ணை, சும்மா மேலயும் கீழயும் நடவுங்கோ, சூடு தன்பாட்டில வரும்.

பரா அண்ணை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சும்மா நடக்க அவருக்குத் தெரியாது. திருவெம்பாவைக் காலம் பிறந்திருந்தது. சங்கையும், கோலால் தட்டும் சேமக்கலத்தையும் எடுத்தார். ஊரில் விடியப்புறம் பாடிக்கொண்டு ஒரு சுற்றுப் போவார்கள். இங்கே சலிக்கச் சலிக்கப் போனார்கள். பக்கத்து வீட்டுச் சோமாலியரும் சேர்ந்துகொண்டார். பாட்டு விளங்காவிட்டாலும் தாளம் அவருக்குப் பிடிபட்டது. முடிவில் கடலையும் இஞ்சித் தேநீரும். மூன்றாம் நாள் தெரு சிவந்தது. வான் வாசலுக்கு வந்தது.

இன்று திருவாதிரை. கடைசி நாள்.

"அண்ணே." கவிநயா நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "காலைல ஒங்க தெருவுல என்ன நடந்துச்சு?"

"வழமையான நடைதான்."

"நடக்கல. படுத்திருக்காங்க."

"ஆர்?"

"அதத்தான் கேக்குறேன். பத்துப் பன்னெண்டு பேரு. மேல இருந்து கீழ வரைக்கும் கிடந்துருக்காங்க. கங்காணி படுக்கைத் தெருன்னு முத்திரை குத்திருச்சு. குளிர்காலம் முடியாம எடுக்காது. இனி நீங்க ஆயிரம் பேரைக் கூட்டிட்டு வந்து நடந்தாலும் எண்ணாது."

அவன் திரையில் தன் தெருக்கோட்டைப் பெரிதாக்கினான். ஓரத்தில் முத்திரை இருந்தது.

முத்திரை அவனுக்குத் தெரியும். சூட்டுத் தெருக்கள் வந்த முதல் வருடமே வீடில்லாதவர்கள் அவற்றில் வந்து படுத்தார்கள். நகரசபை யோசித்தது. தெரு நடப்பதற்கு, படுப்பவர் நடமாட்டம் ஆகமாட்டார். ஒரு தெருவில் உடல்கள் கிடந்தால் கங்காணி சூட்டை அணைக்கும். குளிர் அவர்களை எழுப்பி அனுப்பும். காவல்துறை வேண்டாம், தடி வேண்டாம், சிக்கனமும் ஆச்சு. எத்தனையோ தெருவில் அந்த முத்திரை விழுவதைத் தயாபரன் பார்த்திருக்கிறான். சரி என்று அழுத்தியிருக்கிறான். எல்லாம் அவன் கால் வைக்காத தெருக்கள்.

பரா அண்ணையை அழைத்தான்.

"காலமை ஆர் அண்ணை றோட்டில படுத்தது?"

"படுத்ததோ? அங்கப்பிரதட்டை எல்லோ அடிச்சவை." அவர் குரலில் பெருமை ததும்பியது. "உம்மட மச்சான் நிமலன் முதல் ஆள். பிறகு ரெண்டு மூண்டு பேர் வெளிக்கிட்டினம். நானும் கொஞ்சத் தூரம் உருண்டனான், வயிறு விடேல்ல. பெண்டுகள் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழிச்சவை. எல்லாம் வதனிக்கு நேர்ந்துதான். நீர் கூச்சப்படுவீர் எண்டு உமக்குச் சொல்லேல்ல."

பரா அண்ணை நிறுத்தவில்லை.

"ஊரில உருண்டா முதுகு கிழியும். இது வெந்நீர் தெளிச்ச மாதிரி, நல்ல இதமா..."

"நான் நடக்கச் சொன்னனான் அண்ணை. நடக்க மட்டும்."

"நடந்தா என்ன உருண்டா என்ன, கடவுளுக்கு விளங்காதோ?"

"சூடு குடுக்கிறது கடவுள் இல்லை."

ஓட்டுநருக்கு விபத்து விளங்க அதிக நேரம் தேவைப்படாது.

"அதுதானோ றோட்டு அணைஞ்சது," என்றார் பரா அண்ணை. "தண்ணி முழுக்க இறுகிப் போச்சு தம்பி. கண்ணாடி மாதிரிக் கிடக்கு. இப்ப ஒரு பூனை நிண்ட நிலையில சரிவால வழுக்கிக்கொண்டு போகுது."

அந்த அழைப்பை வைத்துவிட்டு வதனியை அழைத்தான்.

"என்னப்பா, வேலை நேரத்தில."

"எப்பிடி இருக்கு?"

"கால் வீங்கிக் கிடக்கு. மூச்சு கொஞ்சம் முட்டுது. நாளைக்குப் போனாச் சரி." கொஞ்சம் பொறுத்து அவளே கேட்டாள். "வான் வராதோ?"

"ஆர் சொன்னது?"

"நிமலன் ஜன்னலடியில நிண்டு றோட்டைப் பாத்து அழுறான். நாப்பது வயசு எருமை. உங்களுக்கு முந்தி எனக்கு விசயம் வந்திட்டுது." அவள் சிரிக்கப் பார்த்தாள். மூச்சு இடம் கொடுக்கவில்லை. "அவனை ஏசாதேங்கோ. எனக்காக உருண்டவன்."

"ஏசேல்ல."

"நிலையத்தில பக்கத்துக் கட்டில் பிலிப்பீன் மனிசியை ஞாபகம் இருக்கோ? போன வருசப் புயலுக்கு ரெண்டு முறை வராமல் விட்டது..."

"கதைக்காதை. நான் பாக்கிறன்."

"பாருங்கோ," என்றாள் வதனி. "எனக்குப் பயமாக் கிடக்கு."

இருபத்திரண்டு வருடத்தில் அவள் அந்தச் சொல்லைச் சொல்லி அவன் கேட்டதில்லை.

கையால் மாற்ற ஒரு வழி இருந்தது. வேலையில் இருக்கும் இருவரும் ஒரே நேரத்தில் ஒப்பினால் எந்தத் தெருவையும் திறக்கலாம். ஆனால் ஒன்றைத் திறந்தால் அதே குழாயில் அதே அளவில் இன்னொன்றை மூடவேண்டும். வெந்நீர் அவ்வளவுதான்.

"பாதிப் பாதியா விட்டா?" என்றான். கேட்கும்போதே பதில் அவனுக்குத் தெரியும்.

"அண்ணே, ஒங்களுக்குத் தெரியாததா? பாதிச் சூடு பனியை உருக்கும். தண்ணியை ஓடவிடாது. ரெண்டு தெருவும் கண்ணாடி ஆயிரும்."

அவர்களுடைய குழாயில் இருந்த தெருக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிரசவ மருத்துவமனை. தீயணைப்பு நிலையம். பஸ்கள் திரும்பும் சதுக்கம். எதிலும் கை வைக்க முடியாது. பிறகு வேலிக்கு மறுபக்கம், அவனுடைய தெருவின் நீளமே உள்ள ஒரு சந்தின் கோடு கண்ணில் பட்டது. நல்ல சிவப்பு.

"இது பால் தொழிற்சாலை ஒழுங்கை எல்லோ? அங்க ஒரு சனமும் இல்லை. வாசல் பூட்டி எவ்வளவு காலம். இவ்வளவு நடமாட்டம் காட்டுது. உணரி பிழைச்சுப் போச்சு தங்கச்சி. இதை மூடுவம்."

கவிநயா நாற்காலியைப் பின்னுக்கு உருட்டினாள்.

"என்ன?"

"அது பிழைக்கல அண்ணே."

அவள் ஒழுங்கையின் கமராவைத் திறந்தாள்.

இரண்டு தொழிற்சாலைச் சுவர்களுக்கு இடையே, தகரக் கூரை போட்ட நீண்ட ஒழுங்கை. அதில் மனிதர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். போர்வையும் பிளாஸ்டிக்கும் சுற்றிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். சுவரோரம் மற்றவர்கள் குந்தியிருந்தார்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலை தொங்க, வாய் திறந்து தூங்கினார்கள். ஒருவரும் படுத்திருக்கவில்லை. தூக்கத்தில் ஒரு கிழவி மெல்லச் சாய்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் கண்ணைத் திறக்காமலே அவளை நிமிர்த்தி வைத்தாள்.

"குந்திக்கிட்டே தூங்குவாங்க," என்றாள் கவிநயா. "குந்தினா கங்காணிக்கு நிக்கிற ஆளு. கொஞ்ச நேரம் கழிச்சு இவங்க எந்திரிச்சு நடப்பாங்க, அவங்க குந்துவாங்க."

"எவ்வளவு காலமா?"

"ஒரு வாரமா. தங்குமடமெல்லாம் நெரம்பிருச்சு. தொண்ணூறு பேரு இருப்பாங்க. புயலுக்கு இன்னும் வருவாங்க."

"நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்ல."

"ஒங்க தெருவுல எல்லாருக்கும் திடீர்னு பக்தி வந்துச்சே, அத நான் யார்கிட்டயாச்சும் சொன்னேனா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். திரையில் அந்த வரிசை ஒழுங்கையின் முனைவரை போய்த் திரும்பியது.

சூடு நின்றால் அந்தத் தரை சில மணி நேரம் தாங்கும். பிறகு அங்கே இருப்பவர்கள் நடந்தாலும் குந்தினாலும் ஒன்றுதான், விறைத்துப் போவார்கள். தெருவில் படுத்துப் புயலுக்குப் பின் பிணமாக எடுக்கப்பட்டவர்களைப் பற்றிய அறிக்கை ஒவ்வொரு முறையும் அவன் மேசைக்கு வரும். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவான்.

கால் வீங்கிக் கிடக்கு என்று வதனி சொன்ன குரல் காதில் நின்றது.

"எங்கட தெருவில முப்பது வீடு இருக்கு," என்றான் திடீரென்று.

"அதுக்கு?"

"வீட்டுக்கு மூண்டு பேர். இல்லாட்டி நாலு. வேலிக்கு அந்தப் பக்கம்தானே ஒழுங்கை. வேலியை வெட்டினா வீட்டு வாசல். நல்ல கால் உள்ள ஆக்கள் பாய் கம்பளம் போட்டுக் கண்ணாடியைக் கடந்து போகலாம். புயல் முடியுமட்டும் வீடுகளில இருக்கட்டும். ஒழுங்கைச் சூடு எங்கட றோட்டுக்கு வரட்டும். வானும் வரும், ஒருத்தரும் சாகவும் தேவையில்லை."

கவிநயா அவனையே பார்த்தாள். "கேட்டீங்களா அவங்ககிட்ட?"

"ஆரிட்ட?"

"வீட்டுக்காரங்ககிட்ட."

"கேக்கத் தேவையில்லை. வதனிக்காக றோட்டில உருண்ட சனம்."

"உருள்றது வேற அண்ணே. கதவத் தொறக்குறது வேற. எங்க ஊர்ல தீமிதிப்பாங்க. மிதிச்சிட்டு வந்து பக்கத்துத் தெருக்காரனுக்குத் தண்ணி குடுக்கமாட்டாங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க."

"கொங்கிறீற் சூடாக இரவு முழுக்க வேணும். இப்ப திறந்தாத்தான் விடிய வான் உள்ள வரும். முப்பது வீட்டையும் கேட்டு முடிக்க இருட்டிப் போயிடும்." அவன் குரல் உடைந்தது. "தங்கச்சி, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"மாத்தினா திரும்ப மாத்த முடியாது. நடுவுல திருப்பினா ரெண்டு தரையும் போச்சு."

"தெரியும்."

"அவங்கள்ல ஒருத்தர்கூட வெளிய நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டினம்."

கவிநயா கமராப் படத்தை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு அதை மூடினாள்.

"நான் ஒங்கள நம்பி அழுத்துறேன்," என்றாள். "ஒங்க தெருவ நம்பி இல்ல."

இருவரும் அழுத்தினார்கள். ஒரு கோடு சிவந்தது. ஒரு கோடு நீலமானது. கங்காணிக்கு அதற்கு ஒரு கணம்கூட வேண்டியிருக்கவில்லை.

தெருக்காரர்களின் கைபேசிக் குழுவில் தயாபரன் குரலைப் பதிந்து போட்டான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். வதனிக்காக எடுத்த சூடு யாருடையது என்று சொன்னான். வீட்டுக்கு மூன்று பேர், மூன்று நாள், உங்களைத்தான் நம்பியிருக்கிறன் என்றான். வழக்கமாக அந்தக் குழுவில் எது வந்தாலும் கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழும். காலையில் பிரதட்டைப் படங்களுக்கு அப்படித்தான் விழுந்திருந்தன. அவன்தான் அப்போது திறந்து பார்க்கவில்லை. இப்போது ஒவ்வொருவராக அந்தப் பதிவைக் கேட்டுவிட்டார்கள் என்பது மட்டும் திரையில் தெரிந்தது, ஒரு கையும் விழவில்லை.

பெரிய மேல்சட்டையை மாட்டிக்கொண்டு ஒழுங்கைக்குக் கிளம்பினான்.

பெருந்தெரு இன்னும் சூடாக, ஈரமாக மின்னியது. காற்று ஏற்கெனவே முகத்தை அறைந்தது. தொழிற்சாலையின் பின்பக்கத்தால் ஒழுங்கைக்குள் நுழைந்ததும் காற்று நின்றது. வேர்வையும் ஈரக் கம்பளியும் பழைய சூப்பும் கலந்த மணம். காலடிச் சத்தம் கூரைத் தகரத்தில் மெல்ல அதிர்ந்தது. வரிசை அவனைச் சுற்றிக்கொண்டு போனது. யாரும் நிற்கவில்லை.

வரிசையிலிருந்து ஒருவர் விலகி வந்தார். அறுபது வயதிருக்கும். தலையில் ஒரு பெண்ணின் சால்வையைக் கட்டியிருந்தார். நிற்காமல் அவன் முன்னால் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே பேசினார்.

"தமிழோ?"

"ஓம்."

"முகத்தில எழுதி ஒட்டியிருக்கு. நான் சத்தியசீலன். வேலிக்கு அங்கால பஜனைத் தெருவோ நீங்கள்?"

"ஓம்."

"உங்கட சேமக்கலம்தான் எங்களுக்கு மணிக்கூடு. ஒருநாள் வேலிக்கால கையை நீட்டிக் கடலை வாங்கினனான். தந்த மனிசி கையை மட்டும்தான் பாத்தவா. நல்ல கடலை." அவர் சிரித்தார். முன்பற்கள் இல்லை. "நீங்கள் நடந்த பிறகு உங்கட றோட்டில பனி நிக்காததைக் கண்டம். பேந்து நாங்களும் தொடங்கினம். எங்களுக்குப் பாட்டு ஒண்டும் வராது. இங்க பாதிப்பேர் வேற வேற நாடு. சும்மா நடக்கிறம்."

தயாபரன் வரும்வழி முழுக்க ஒத்திகை பார்த்த வார்த்தைகள் வாயில் வரவில்லை.

"இந்த ஒழுங்கைக்குச் சூடு நிக்கப் போகுது," என்றான். "எல்லாரும் எங்கட தெருவுக்கு வரவேணும். வீடுகளில தங்கலாம். புயல் முடியுமட்டும்."

சத்தியசீலனின் கால்கள் நின்றன.

"வீடுகளுக்குள்ளயோ?"

"உள்ளதான்."

"எல்லாருமோ?"

"எல்லாரும்."

அவர் அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். ஏமாற்றப்பட்டுப் பழகிய பார்வை. ஆனால் புயல் நாளில் ஒருவன் வேலை மெனக்கெட்டு வந்து ஏன் பொய் சொல்லவேண்டும்? திரும்பி, கையைத் தட்டி, ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். ஒரு பெண் அதைத் தன் மொழியில் பின்னால் கடத்தினாள். வரிசை தயங்கியது. ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அப்ப இனி நடக்கத் தேவையில்லையோ எண்டு கேக்கினம்," என்றார் சத்தியசீலன்.

"இல்லை. இனி எண்ணுறதுக்கு ஒண்டும் இல்லை."

அதையும் அவர் சொன்னார். பிறகு அந்தக் கிழவி, கமராவில் அவன் பார்த்த அதே கிழவி, தரையில் கையை ஊன்றி, மெதுவாகக் காலை நீட்டிப் படுத்தாள். தரை இன்னும் சூடாக இருந்தது. முதுகு முழுவதும் அதில் பட்டபோது அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் இருந்தவள் அவளை நிமிர்த்தவில்லை. தானும் படுத்தாள். பிறகு ஒருவர், பிறகு இருவர். ஒழுங்கை முழுவதும் மனிதர்கள் கிடந்தார்கள். ஒரு வாரம் மடக்கியே வைத்திருந்த முழங்கால்களை நீட்டிக்கொண்டு, வேலியை வெட்டி வீடு திறக்கும்வரை கொஞ்ச நேரம்தானே என்று, தொண்ணூறு பேரில் ஏறக்குறைய எல்லோரும் கிடந்தார்கள்.

கைபேசி அதிர்ந்தது. பரா அண்ணை.

"தம்பி, எங்க நிக்கிறீர்?"

"ஒழுங்கையில. வேலி வெட்ட ஆக்கள் வருகினமோ?"

"நிமலன் கட்டரோட நிக்கிறான். கம்பளமும் போட்டாச்சு. அது பிரச்சினை இல்லை." அவர் தொண்டையைச் செருமினார். "ஒவ்வொரு வீடா போன் அடிச்சுக் கேட்டனான். மகேசன் வீட்டில வயசுக்கு வந்த குமர்ப்பிள்ளையள். அவர் சொல்லுறதிலயும் நியாயம் கிடக்கு. மேல் வீட்டு டொக்டருக்கு இன்சூரன்ஸ் விடாதாம். மூலை வீட்டுக்காரர் வாடகைக்கு இருக்கினம், வீட்டுச் சொந்தக்காரன் எழுப்பிப் போடுவானாம். றஞ்சி அக்கா, சாப்பாடு எவ்வளவெண்டாலும் சமைச்சுத் தாறன், வேலிக்கு மேலால குடுப்பம் எண்டுறா. இண்டைக்கு விரதம் முடிச்சு வீடு கழுவினதாம். சில பேர் போனே எடுக்கேல்ல. லைற்றையும் அணைச்சுப்போட்டினம்."

"றஞ்சி அக்கா காலமை அடியழிச்சவாவோ?"

"ஓம். முழங்கால் உரிஞ்சு போச்சு அவாவுக்கு."

தயாபரன் சுவரில் சாய்ந்தான்.

"ஆர் ஓம் எண்டினம்?"

"நான் நாலு பேரை எடுக்கிறன். மனிசி கத்துறா, கத்தட்டும். சோமாலி மனிசன் ஆறு பேர் எண்டார். நான் கேட்டு முடிக்க முந்திச் சொன்னவர். இன்னும் ரெண்டு மூண்டு வீடு, ரெண்டு பேர் மூண்டு பேர் எண்டு. உங்கட நிலவறைக்குப் பத்துப்பேர் எண்டு வதனி சொல்லச் சொன்னவா. தன்ர கட்டிலுக்குக் கீழயும் இடம் கிடக்காம். நேர்ஸ் ஏசினாத் தான் கதைக்கிறாவாம்."

"மொத்தம் எத்தினை அண்ணை?"

"முப்பதைத் தாண்டாது."

"திரும்பக் கேளுங்கோ."

"ரெண்டு தரம் கேட்டிட்டன் தம்பி. மூண்டாம் தரம் கேட்டா, ஓம் எண்டவையும் இல்லை எண்டு சொல்லிப்போடுவினம்."

தொடர்பு நின்றது. உடனே கவிநயாவின் பெயர் திரையில் ஒளிர்ந்தது. அவள் என்ன கேட்பாள் என்று தெரியும். எடுக்கவில்லை. ஒளிர்ந்து ஒளிர்ந்து அடங்கியது.

ஒழுங்கையின் திறந்த வாயில் பனி விழத் தொடங்கியிருந்தது. பெரிய, சோம்பலான துகள்கள். முதலில் விழுந்தவை கரைந்தன. பிறகு விழுந்தவை கரைய நேரம் எடுத்தன. ஓரத்தில் ஒன்று கரையாமல் நின்றது. அதன்மேல் இன்னொன்று வந்து அமர்ந்தது.

உள்ளே குறட்டைச் சத்தம் கேட்டது. கிழவி பக்கவாட்டில் திரும்பி, கன்னத்தைத் தரையில் வைத்திருந்தாள். யாரோ தூக்கத்தில் சிரித்தார்கள்.

சத்தியசீலன் மட்டும் படுக்கவில்லை. கைபேசியிலிருந்து வந்த பேச்சு முழுவதும் அவருக்குக் கேட்டிருந்தது. கேட்டதை விளங்கிக்கொள்ளக் கூடியவரும் அங்கே அவர் ஒருவர்தான். தலைச் சால்வையை அவிழ்த்து, உதறி, திரும்பக் கட்டினார். பிறகு கிடந்தவர்களை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்.

"முப்பதோ?" என்றார்.

தயாபரன் தலையசைத்தான்.

அவர் அவனுக்குக் கிட்ட வந்தார். மற்றவர்களுக்கு அந்த மொழி தெரியாது. இருந்தும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அந்த முப்பது பேரை நீங்கள் பாத்து எழுப்புறீங்களோ, நான் எழுப்பவோ?"